யூனிஸ் டீச்சர் இறக்கிய வயர்கள்

சேலையூரில் யூனிஸ் டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பத்தொரு வருஷம் தாம்பரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் சத்தம் போடும் வழக்கம் அவருக்குக் கிடையாது, மனசில் போட்டு வைத்துக்கொள்வார். ஒன்பதாம் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பெண்ணுக்கு அதை அவள் கல்யாண மேடையில் நினைவுபடுத்தியவர் என்று ஊரில் பேச்சு உண்டு. மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்களாம், டீச்சர் சிரிக்கவில்லையாம்.

அப்படிப்பட்டவர் இருபது வருஷமாக ஒரே ஒரு மனிதனை மனசில் போட்டு வைத்திருந்தார். கேபிள்காரர் ஏசுதாசன்.

அந்தக் காலத்தில் ஏசுதாசன்தான் அந்த மூன்று தெருவுக்கும் ராஜா. வேறு கேபிள்காரன் உள்ளே கால் வைக்க முடியாது. வயர் மாடிக்கு மாடி தாவிப் போகும். நடுவில் ஏதாவது ஒரு வீட்டுக் கைப்பிடிச் சுவரில் அவருடைய இரும்புப் பெட்டி தொங்கும். டீச்சர் வீட்டு மாடியிலும் ஒன்று தொங்கியது. ஒரு மழைநாளில் துணி எடுக்கப் போன டீச்சரின் அம்மா அபிகாயிலுக்கு அதில் சுரீரென்று ஷாக் அடித்தது. பெட்டியைத் தள்ளி மாட்டுங்கள் என்று டீச்சர் மரியாதையாகத்தான் சொன்னார். ஏசுதாசன் மறுநாளே வந்து பெட்டியைக் கழற்றினார், கூடவே டீச்சர் வீட்டு லைனையும் கழற்றிக்கொண்டு போனார். பெட்டிக்கு இடமில்லாத வீட்டுக்கு லைனும் இல்லையாம். டீச்சர் மூன்று தடவை அவர் ஆபீசுக்கு நடந்தார். மூன்று தடவையும் உட்காரச் சொல்ல ஆளில்லை.

அபிகாயில் அம்மாளுக்கு ஒரு சீரியல் பைத்தியம் இருந்தது. நாலு வருஷமாக விடாமல் பார்த்த கதை. பக்கத்து வீட்டுப் பட்டாபிராமன் குடும்பம் உள்ளே வந்து பாருங்கள் என்றுதான் கூப்பிட்டது, அவர்தான் கூச்சப்பட்டார். கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அரைமணி நேரம் பார்ப்பார். ஒரு நாள் அந்த வீட்டுச் சுவர் மேல் ஏறி வயர் கட்டிக்கொண்டிருந்த ஏசுதாசன் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா ஆயா, டிக்கெட் எடுத்தியா, வித்தவுட்டா?"

தெருவே கேட்டுச் சிரித்தது. அம்மாளும் சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் போகவில்லை. ஒரு மாதம் கழித்து டீச்சர் டிஷ் வாங்கி மாட்டியபோது, எனக்கு எதுக்கும்மா இதெல்லாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். கதை எப்படி முடிந்தது என்று கடைசி வரை கேட்கவே இல்லை.

ஏசுதாசனும் டீச்சரும் ஒரே சர்ச். ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வரும்போது மட்டும் டீச்சர் வாயை மூடிக்கொள்வார். பொய் சொல்ல அவருக்கு இஷ்டமில்லை.

கொரோனா வந்து சர்ச் கதவைப் பூட்டியபோது கர்த்தரே வழி காட்டினார் என்றுதான் டீச்சர் நினைத்தார். ஆராதனை யூடியூபில் வந்தது. பெரும்பாக்கம் பிளாட்டில் இருக்கும் மகள் சுஜி, அம்மாவுக்கு ஸ்மார்ட் டிவி வாங்கி அனுப்பி, இன்டர்நெட்டும் போட்டுக் கொடுத்தாள். போன் வழியாகவே சொல்லிக் கொடுத்தாள். டீச்சர் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். மூன்றாவது நாள் அவருக்கு ஒன்று உறைத்தது. இது வந்துவிட்ட வீட்டில் கேபிள் எதற்கு?

அன்றைக்குத் தொடங்கியது வேட்டை. ஊரடங்கு தளர்ந்ததும் டீச்சர் வீடு வீடாக ஏறி, தன் வீட்டுக்கு வரும் அதே கம்பெனி நெட்டைப் போடச் சொன்னார். நிறுத்தி நிதானமாகப் பாடம் எடுத்தார். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று சார்ட் பேப்பரில் கொட்டை எழுத்தில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டினார். மறுநாள் போய்ப் பரீட்சை வைத்தார். சீரியலை முதல் பகுதியிலிருந்து பார்க்கலாம், தூங்கிவிட்டால் விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம், கரண்ட் போனாலும் கதை ஓடிப்போகாது என்றதும் தெருப் பெண்கள் மயங்கினார்கள். பட்டாபிராமன் மட்டும் அந்த ஆள் பாவம், பிழைத்துப் போகட்டுமே என்றார். டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த வாரம் பட்டாபிராமன் வீட்டு கேபிள் பெட்டியும் பரணுக்குப் போனது.

ஒவ்வொரு வீடாகக் கறுப்பு வயர் தளர்ந்து தொங்கத் தொங்க, டீச்சருக்கு வயிறு குளிர்ந்தது. மார்க்கெட் ஓரத்தில் இருந்த ஏசுதாசன் ஆபீசின் போர்டை ஒரு நாள் கழற்றிவிட்டார்கள். ஷட்டர் பாதி இறங்கிக் கிடந்தது. டீச்சர் காய்கறிப் பையோடு எதிர்ப் பக்கம் நின்று ஐந்து நிமிஷம் பார்த்தார். காபி குடித்தது போல் இருந்தது என்று சுஜியிடம் சொன்னார். சுஜிக்கு அம்மாவைப் பார்த்துப் பயமாக இருந்தது. டீச்சருக்கோ இத்தனை வருஷத்தில் அவ்வளவு நன்றாகத் தூக்கம் வந்ததில்லை.

போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால், ஏசுதாசனே வாசலில் வந்து நின்றார். கையில் பிளம் கேக் டப்பா. தோற்றுப் போனவன் சமாதானம் பேச வந்திருக்கிறான் என்று டீச்சர் கதவை அகலத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. அவர் ஆபீசில் மூன்று தடவை நின்றதை டீச்சர் மறக்கவில்லை.

"மொத கேக்கு உங்களுக்குத்தான் டீச்சர்," என்றார் ஏசுதாசன். "நீங்க இல்லன்னா நான் நடுத்தெருவுல நின்னுகினு இருப்பேன்."

டீச்சருக்கு விளங்கவில்லை. ஏசுதாசனே விளக்கினார். கேபிளில் இனி ஒன்றுமில்லை என்று தெரிந்து, கொரோனாவுக்கு முன்பே ஏசுதாசன் ஒரு இன்டர்நெட் கம்பெனிக்கு ஏஜென்சி எடுத்துவிட்டாராம். மூன்று தெருவுக்கும் நெட் லைன் அவருடையதுதான். வெளியே தெரிகிற பேரும், பில்லும், கம்பெனிச் சட்டை போட்டு வருகிற ஆட்களும் கம்பெனியுடையவை, லைனும் அதில் வருகிற கமிஷனும் ஏசுதாசனுடையவை. மார்க்கெட் இடம் போதாமல்தான் ஆபீசை ராஜகீழ்ப்பாக்கத்துக்கு மாற்றினாராம். ஆரம்பத்தில் அவர் நேரில் போய்க் கேட்டபோது ஒரு வீடும் நெட் எடுக்கவில்லையாம்.

"நீங்க போய்ச் சொன்னீங்க, எல்லாரும் எடுத்தாங்க. உங்க வூட்டுக்கு வர்றதும் நம்ம லைன்தான், டீச்சர்."

டீச்சர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். வெயிலில் ஏறி இறங்கிய படிகள், எழுதி ஒட்டிய சார்ட் பேப்பர்கள், வைத்த பரீட்சைகள் எல்லாம் இந்த ஆளுக்கு ஊழியம் செய்ததாகவா ஆகவேண்டும்? இருபது வருஷம் மூடி வைத்திருந்ததை அன்றைக்கு வாசலில் நின்றபடியே கொட்டினார். பெட்டி, ஷாக், ஜன்னல் கம்பி, அம்மா, அந்த வித்தவுட். ஒரு வார்த்தை விடவில்லை. குரல் மட்டும் உயரவில்லை.

ஏசுதாசன் குறுக்கே பேசாமல் கேட்டார். நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"அப்டியா சொன்னேன்? ஞாபகமே இல்லியே, டீச்சர். அந்த வயசுல எல்லார்கிட்டயும் அப்டித்தான் பேசிகினு இருந்தேன். மனசுல வச்சுக்காதீங்க."

கேக்கை வாசல் திண்டு மேல் வைத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இல்லை, நான் சொல்லவே இல்லை என்று அவர் சாதித்திருந்தால்கூட டீச்சர் தாங்கியிருப்பார். அந்த ஆள் பொய் சொல்லவில்லை. அம்மாவைக் கொன்ற வார்த்தை என்று டீச்சர் ராப்பகலாகச் சுமந்தது, ஏசுதாசனுக்கு வாயிலிருந்து விழுந்ததும் மறந்துபோன பேச்சு. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் அழாதவர், தேம்பித் தேம்பி அழுதார்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு சுஜிக்குப் போன் போட்டார்.

"ஏண்டி, இப்போ வயரே இல்லாம நெட் வருதாமே, அது யார்கிட்ட கேக்கணும்?"

"நம்ம வீட்டு நெட் நல்லாத்தானேம்மா இருக்கு?"

"எனக்கு மட்டும் இல்லடி, மூணு தெருவுக்கும். இந்தத் தடவை அந்த ஆளுக்கு ஞாபகம் இருக்கணும்."