ஒன்று நாற்பதுக்கு நின்ற வண்டி

ஏழுமலையின் வண்டி நின்றுவிட்டது என்ற செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை வந்தபோது நான் சிரித்தேன்.

அன்று வியாழக்கிழமை. முதல் ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து வெளியே வந்து, ஹெல்மெட்டைப் பைக் மேல் வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தேன். ஏழுமலை வேலை பார்த்த டிரான்ஸ்போர்ட் ஆபீஸிலிருந்து செந்தில் கூப்பிட்டார். எந்த வண்டி எங்கே போகிறது என்று கம்ப்யூட்டரில் கவனிப்பது அவர் வேலை.

"அண்ணே, ஏழுமலைண்ணன் ட்ரெய்லரு ஒன்னு நாப்பதுலேர்ந்து ஒரே எடத்துல நிக்குது. தொழுதூர் தாண்டி. போன் அடிச்சா எடுக்கல."

"இப்ப மணி என்ன?"

"ரெண்டு இருவதுண்ணே."

"அப்ப தூங்குறான் தம்பி. உங்களுக்குத் தெரியாததா? மூணு மணிக்கு அவனே எந்திரிச்சிருவான். இப்ப எழுப்பினா உங்களத்தான் திட்டுவான்."

செந்திலும் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். இரண்டாவது செய்தி ஐந்து மணி வாக்கில் வந்தது. அந்த வழியாக வந்த இன்னொரு ட்ரெய்லர் டிரைவர், தெரிந்த வண்டியாயிற்றே என்று நிறுத்தி, கேபின் கதவைத் தட்டியிருக்கிறார். ஏழுமலை ஸ்டியரிங்கில் தலை சாய்த்தபடி இருந்திருக்கிறான். உடம்பில் ஒரு கீறல் இல்லை, மாரடைப்பு என்றார்கள். நாற்பத்தாறு வயது. எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. படத்திறப்பு அன்று கொடுக்க நாலு வரி எழுதித் தா என்று லாரி ஸ்டாண்டு நண்பர்கள் நீங்கள்தான் கேட்டீர்கள். நாலு வரியில் முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஏழுமலையும் ஒரே வாரத்தில் சுரங்கத்தில் டிப்பர் ஏறியவர்கள். நிலக்கரிக்கு மேலிருக்கும் மண்ணை வாரிக்கொண்டு போய்க் கொட்டும் கான்ட்ராக்ட் வண்டி. என் அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் வேலை நிரந்தரமான பர்மனென்ட் ஆள். நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, இரண்டு முறை பரீட்சை எழுதிக் கோட்டைவிட்டு, கடைசியில் கான்ட்ராக்ட் லாரியில் வந்து உட்கார்ந்தவன். அவன் பக்கத்து ஊரான வடக்குத்துக்காரன். அவன் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அவன் வீட்டில் முதல் லைசென்ஸ் அவனுடையது. முதல் நாளே என்னைப் பார்த்து, "இன்னா பர்மனென்ட்டு, எங்க கூட வந்து மண்ணு அள்ளற?" என்று கேட்டான். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பர்மனென்ட்டு. இருபத்திரண்டு வருடமாக என் சொந்தப் பெயரை அவன் வாயால் நான் கேட்டதே இல்லை.

அவனுடைய இரண்டு மணித் தூக்கத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

எட்டு வருடம் டிப்பர் ஓட்டிவிட்டு அவன் நேஷனல் பர்மிட் லாரிக்குப் போனான். முதல் டிரிப், பண்ருட்டியிலிருந்து மும்பைக்குப் பலாப்பழ லோடு. கூட இன்னொரு டிரைவர், பின்னால் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரி தாண்டியதும் மணி இரண்டு. ஏழுமலை வண்டியை ஓரம் கட்டினான். ஹேண்ட்பிரேக் போட்டான், கீழே இறங்கி, வண்டி உருளாமல் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தான், சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றுவிட்டான். வண்டி நின்றதும் விழித்துக்கொண்ட அந்த டிரைவர் பதறிப்போய், "இன்னாய்யா ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். "ரெண்டு மணி ஆச்சு" என்றிருக்கிறான் இவன். சுரங்கத்தில் ஷிப்ட் மாறும் நேரம் அது; அடுத்த ஷிப்ட் ஆள் வந்து சாவி வாங்குவான் என்று கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. கால் மணி நேரம் இரண்டு பேரும் பலாப்பழ வாசனையில் உட்கார்ந்து சிரித்தார்களாம்.

ஆனால் அந்தச் சிரிப்பை அவன் சட்டமாக்கிக்கொண்டான். அதன் பிறகு எந்த வண்டி ஏறினாலும் இரண்டு மணிக்கு ஓரம் கட்டி, கட்டை போட்டு, மூன்று வரை தூங்குவான். முதலாளிகளிடம் வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிடுவான். அந்த ஒரு மணி நேரம் போன் எடுக்க மாட்டான். அதில் இன்னொரு கறாரும் உண்டு. நிழல் கிடைக்கவில்லை என்றால் இரண்டே கால் வரைகூட ஓட்டுவானே தவிர, இரண்டு மணிக்கு முன்னால் நிறுத்த மாட்டான். சுரங்கத்தில் அடுத்த ஆள் வருவதற்கு முன்பே இறங்கிப் போகிறவனை யாரும் மதிக்க மாட்டோம். "அஞ்சு நிமிசம் முன்னாடி எறங்கினாலும் அது வண்டிய வுட்டுட்டு ஓடறதுதான்" என்பான். இந்த வாக்கியத்தை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். வியாழக்கிழமை மட்டும் எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

வடக்குத்து பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அவன் உட்கார்ந்தால், எந்த வண்டிக்குப் போகலாம் என்று கேட்க நாலு பேர் வந்துவிடுவார்கள். எல்லா வண்டியும் ஓட்டிப் பார்த்தவன் நம்மில் அவன் ஒருவன்தான். அவன் பதில் சொல்ல மாட்டான். ஒரே கேள்விதான் திருப்பிக் கேட்பான்: "ரெண்டு மணிக்கு நீ எங்க இருக்கணும்னு நெனைக்கிற?"

அதன் பிறகு இவன் ஆரம்பிப்பான். "மைன்ஸ் டிப்பர்னா ரெண்டு மணிக்கு சாவிய குடுத்துட்டு வூட்டுக்குப் போயி சோறு துன்னலாம். ஆனா இருவது வருசம் ஓட்டினாலும் அதே பள்ளம், அதே மேடு. மீட்டரு ஓடும், நீ ஓட மாட்ட. அதோ ஒக்காந்துகினு இருக்காரு பாரு பர்மனென்ட்டு, அவர கேளு." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் விட்டுவிடுவேனா? "பர்மிட் லாரிக்காரன் பெருமைய கேளுங்க. ரெண்டு மணிக்கு எந்த ஊருன்னு பொண்டாட்டி கேட்டா, ரோட்டு போர்டப் பாத்துத்தான் பதில் சொல்லுவான்" என்பேன். "ஆமாய்யா, மறைக்கல" என்று ஒத்துக்கொள்வான். அவன் மகள் நடக்கத் தொடங்கிய முதல் நாளை அவன் நாக்பூரில் ஒரு பெட்ரோல் பங்கில் போனில்தான் கேட்டான். அதைச் சொல்லும்போது மட்டும் டீயைக் கீழே வைத்துவிடுவான்.

டேங்கரில் ஒரு வருடம்தான் இருந்தான். பயிற்சி உண்டு, மரியாதை உண்டு, சீருடை உண்டு. இருந்தும் விட்டுவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "பாதி லோடுல பிரேக்கு போட்டுப் பாரு. உள்ள இருக்கறது முன்னாடி வந்து முதுகுல இடிக்கும். ஒருத்தன் பின்னாடியே ஒக்காந்துகினு தள்ளிகினே வர்ற மாதிரி இருக்கும்" என்றான். அவன் பயம் என்ற சொல்லைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசி ஆறு வருடம் ட்ரெய்லர். சுரங்கத்து இயந்திரங்களின் பெரிய பாகங்களை ஏற்றிக்கொண்டு வருவான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், டவுன்ஷிப் திருப்பத்தில் அவன் வண்டி மாட்டிக்கொண்டது. நான் அந்தப் பக்கம் போனவன் பின்னால் நின்று கை காட்டினேன். முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம் என்று முக்கால் மணி நேரம். ஸ்கூல் பஸ் நிற்கிறது, ஆபீஸ் போகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், ஒருவர் இறங்கி வந்து இவனுக்கு டிரைவிங் சொல்லித் தருகிறார். ஏழுமலை யாரையும் பார்க்கவில்லை, இரண்டு பக்கக் கண்ணாடியை மட்டும் பார்த்தான். ஒரு மரக்கிளைகூட ஒடியாமல் திருப்பிவிட்டான். இறங்கி வந்து, "மத்த வண்டில முன்னாடி பாத்து ஓட்டணும் பர்மனென்ட்டு. இதுல விட்டுட்டு வந்ததயே பாத்துகினு ஓட்டணும்" என்றான். அப்போது இடது கையை உதறிக்கொண்டே இருந்தான். "என்னடா?" என்றேன். "கியரு கை" என்றான். நானும் என் இடது கையைத் தூக்கிக் காட்டி, "எனக்கும்தான்" என்றேன். இரண்டு பேரும் டீ குடிக்கப் போனோம்.

நம் எல்லோருக்கும் இடது கை வலிக்கும். எல்லோரும் கியரைத்தான் சொல்வோம். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எனக்கு இதைத் தவிர அறிவுரை சொல்லத் தெரியாது, சொல்லும் யோக்கியதையும் இல்லை.

அந்த வியாழக்கிழமை நானே அவனைக் கூப்பிடுவதாக இருந்தேன். எங்கள் டிப்பர் கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. சாம்பல் பல்கர் ஓட்ட வருகிறாயா என்று கேட்டிருந்தார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பலை சிமென்ட் ஆலைகளுக்குக் கொண்டுபோகும் வண்டி அது. இருபத்திரண்டு வருடம் ஒரே பள்ளத்தில் ஓட்டியவனுக்கு வெளி ரோட்டில் ஓட்டத் தெரியுமா என்றே சந்தேகம். மூன்று மணிக்கு அவன் எழுந்ததும் கேட்கலாம் என்று காத்திருந்தேன். மூன்றுக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றே காலுக்குக் கூப்பிட்டேன். ஓட்டிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, கடைக்குப் போய்க் காய்கறி வாங்கினேன். ஆம், காய்கறி வாங்கினேன். கத்தரிக்காயைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தேன்.

கேபின் கதவைத் தட்டிய அந்த ட்ரெய்லர் டிரைவர் ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னார்: பார்க்கிங் லைட் எரிந்துகொண்டிருந்தது, ஹேண்ட்பிரேக் போட்டிருந்தது, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதன் கீழே இறங்கி, வண்டியின் கடைசி வரை நடந்து, கட்டையை வைத்துவிட்டு, திரும்பி வந்து கேபினில் ஏறியிருக்கிறான். அதைக் கேட்டபோதுதான் என் மண்டையில் அடித்தது. ஒன்று நாற்பது. செந்தில் என்னிடம் தெளிவாகச் சொன்னார், ஒன்று நாற்பதிலிருந்து நிற்கிறது என்று. இரண்டு மணிக்கு முன்னால் ஏழுமலை ஒரு நாளும் வண்டியை நிறுத்தியதில்லை. உலகத்தில் அது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்த நான்தான் எழுப்பாதே என்று சொன்னேன்.

டாக்டரிடம் கேட்டேன். இரண்டு இருபதுக்கு ஆள் போயிருந்தால்? அவர், "சொல்ல முடியாதுங்க" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உடலை எடுத்த மூன்றாம் நாள் அவன் மனைவி அஞ்சலையிடம் போனேன். இதைச் சொல்லாமல் அந்த வீட்டுப் படி ஏற எனக்குத் தைரியம் இல்லை. "தங்கச்சி, ஆபீஸ்லேர்ந்து எனக்குப் போன் வந்துச்சு. நான்தான் தூங்கட்டும்னு சொல்லிட்டேன்" என்றேன். என்னை அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

அஞ்சலை அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு முன்னாடி எனக்குதான்ணா அடிச்சாங்க. மணி ரெண்டு அடிச்சி ரெண்டு நிமிசம் இருக்கும். ஒன்னு நாப்பதுலேர்ந்து நிக்குதும்மான்னு எங்கிட்டயும் சொன்னாங்க. காதுல வுழுந்துச்சு, மனசுல ஏறல. தூங்கறாரு, வுடுங்கன்னு நானும்தான் சொன்னேன்."

ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள முடிந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கிளம்பும்போது அவள் உள்ளே போய், வண்டியிலிருந்து கொண்டு வந்து வைத்திருந்த அந்த மரக்கட்டையை எடுத்து வந்தாள். "இத வூட்ல வெச்சிகினு நான் இன்னாண்ணா பண்ணப் போறேன். நீ பல்கர்ல வெச்சிக்க" என்றாள். நான் பல்கருக்குப் போவதாக யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மொத நாளு ராத்திரி சாப்பிடறப்ப அவருதான் சொன்னாரு. பல்கர்காரங்க உன்ன கேட்டது அவரு காதுக்கு வந்துட்டுது. பர்மனென்ட்டு நாளைக்குக் கேப்பான், போயி ஏறுடான்னு சொல்லணும். ரெண்டு மணிக்கு சாம்பல் ரொப்ப வரிசையில நிக்கற வண்டி, அவனுக்குப் பொருந்தும்னு சிரிச்சாரு."

ஒன்றாம் தேதியிலிருந்து பல்கர் ஏறுகிறேன். கட்டை என்னோடு வரும். ஏழுமலையிடமிருந்து எனக்கு என்று வந்தது அந்தக் கட்டையும், அவன் எல்லோரிடமும் கேட்ட அந்தக் கேள்வியும்தான். அதோடு, நான் கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வண்டி நிற்கிறது என்று யார் சொன்னாலும் இப்போது முதலில் அதைத்தான் கேட்கிறேன்: எப்போதிலிருந்து நிற்கிறது?

நேற்று முன்தினம் செந்தில் பேசும்போது, ஒரு வண்டி விருத்தாசலம் ரோட்டில் பதினொன்றரையிலிருந்து நிற்கிறது, டிரைவர் போன் எடுக்கவில்லை என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். நாற்பது நிமிடம், எங்கும் நிற்கவில்லை. கேபின் கதவை இரண்டு கையாலும் அறைந்தேன். டிரைவர் எழுந்து, கண்ணைக் கசக்கி, என் அப்பா அம்மாவையெல்லாம் இழுத்து வாய்க்கு வந்தபடி திட்டினார். தூங்குகிறவனை எழுப்ப உனக்கு யாருடா அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். அவர் திட்டி முடிக்கும்வரை வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.