இருபத்தைந்து சொற்களை எடுத்துக்கொண்டு காஜா பெராங் போன கதை

மலாக்கா போவதற்கு எத்தனை நாள் ஒதுக்கலாம், எதையெல்லாம் பார்க்கலாம் என்று இந்த வலைப்பூவுக்கு அடிக்கடி கேள்வி வருகிறது. கோட்டை, கடற்கரை, ஜாலான் பெண்டஹாரா துணிக்கடைகள் பற்றியெல்லாம் எழுதியாகிவிட்டது. ஆனால் நான் முதல்முறை மலாக்கா போனதைப் பற்றி இதுவரை எழுதவில்லை. அது 1944ஆம் ஆண்டின் தொடக்கம், ஜப்பான்காரன் காலம். எனக்கு இருபத்தொரு வயது. சுற்றிப் பார்க்கப் போகவில்லை, ஒரு அட்டையைக் கொடுக்கப் போனேன்.

அப்போது தம்பின் ரயில் நிலையத்தில் பார்சல் கிளார்க்காக இருந்தேன். தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளைப்பாதை இருந்தது. தண்டவாளங்களை ஜப்பானியர் பெயர்த்துச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போய்விட்டார்கள். அதனால் மலாக்கா தபால் பைகள் எங்கள் அறையில் லாரிக்காகக் காத்துக் கிடக்கும். வடக்கே கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கையும் சயாமுக்குக் கொடுத்துவிட்டதாக அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அறிவித்திருந்தார்கள். எங்கோ உட்கார்ந்து யாரோ கையெழுத்துப் போட, கெடாவிலிருக்கும் சுங்கைப்பட்டாணிக்குப் போகும் பார்சல் ஒரே நாளில் வெளிநாட்டுப் பார்சலாகிவிட்டது. அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த ராஜதந்திரம் அவ்வளவுதான்.

ஒருநாள் கிழிந்த பையிலிருந்து அந்த அட்டை கீழே விழுந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. பெறுபவர் சேக் தாவூது, மளிகைக் கடை, காஜா பெராங், மலாக்கா. அனுப்பியவர் அவர் மனைவி சபூரா, நாகூர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தியாவிலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் அம்மா மாயவரத்தில் இருக்கிறாளா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. சண்டை போடும் இரண்டு தரப்புக்கும் நடுவில் இந்த அட்டை மட்டும் எப்படி நுழைந்து வந்தது? எழுதிய தேதியைப் பார்த்தேன். பதினான்கு மாதம் பழையது. இருபத்தைந்து சொல்லுக்கு மிகாமல் பின்புறம் பதில் எழுதித் திருப்பி அனுப்பலாம் என்று அடியில் அச்சடித்திருந்தது.

எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டையைப் படித்தார்.

"லொறி எப்ப வருமெண்டு ஆருக்குத் தெரியும்? நீர் கொண்டுபோய்க் குடும். பதிலையும் கையோட வாங்கிக்கொண்டு வாரும். நாளையிண்டைக்குக் காலமை தெற்கே போற மெயிலில போட்டுவிடலாம்." அவர் தமிழில் நாளையிண்டைக்கு என்றால் நாளை மறுநாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினேன். எட்டு மணி என்றதும் வெயில் என்று நினைக்காதீர்கள். மலாயா முழுவதும் தோக்கியோ நேரம் ஓடிய காலம் அது, எட்டுக்குத்தான் வானம் வெளுக்கும். போர்ட்டரிடம் இரவல் வாங்கிய சைக்கிள். டயர் கிடைக்காததால் ரப்பர் தண்ணீர்க் குழாயைச் சக்கரத்தில் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து பேசும். கையில் ரயில்வே பட்டை, பையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, சட்டைக்குள் அட்டை. மொத்தத் தொலைவு இருபத்து நான்கு மைல்.

முதல் ஒன்பது மைல் அலோர் காஜா வரை. சாலையை ஒட்டி ஆங்காங்கே பழைய ரயில் பாதை தெரிந்தது. சரளைக்கல் மட்டும் கிடந்தது, தண்டவாளம் இல்லை. அலோர் காஜாவில் சோளத்தை வறுத்துப் போட்ட காப்பி ஒரு கோப்பை, வாழைமர நோட்டில் ஒரு டாலர். ஜப்பானியர் அச்சடித்த நோட்டில் வாழைமரப் படம் இருக்கும், அதனால் அந்தப் பெயர். காப்பி என்று சொல்லிக்கொண்டு குடித்தோம், வேறென்ன செய்வது.

ஊரைத் தாண்டியதும் காவல் சாவடி. இறங்கி, இடுப்பு வரை குனிந்து வணங்கினேன். சிப்பாய் பையைக் கொட்டினான், சட்டையைத் தடவினான். அட்டை அவன் கைக்கு வந்தது. ஆங்கில எழுத்து, அதிலும் இந்தியாவிலிருந்து வந்தது. ஒற்றன் என்று சொல்ல அது போதும். அவன் அதைத் திருப்பினான். மூலையில் சிவப்பில் ஒரு ஜப்பானிய முத்திரை, தணிக்கை செய்தது. அதைப் படித்தவன் சட்டென்று நேராக நின்றான்.

"சூராட்?" என்று கேட்டான். மலாயில் கடிதம்.

"ஆமாம், பெண்ஜாதி எழுதியது" என்று அரைகுறை மலாயில் சொன்னேன். என் பெண்ஜாதி என்று நினைத்திருப்பான். கொஞ்ச நேரம் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். அவனுக்கும் ஊரிலிருந்து கடிதம் வந்து எத்தனை நாளாயிற்றோ.

வழியில் ஒருமுறை குழாய் அவிழ்ந்து, கம்பியால் கட்டிக்கொண்டு, செங் வழியாகக் காஜா பெராங் சேரும்போது மணி ஒன்று இருபது. கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மளிகை என்று பெயர், உள்ளே மரவள்ளி மாவும் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரமும்தான் இருந்தன. முப்பது வயதிருக்கும் ஒரு பெண் மாவை நிறுத்துக்கொண்டிருந்தார். தலையில் முக்காடு, காலைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் குழந்தை.

"சேக் தாவூது ராவுத்தருக்கு ஒரு தபால்" என்றேன்.

"அவரு இல்ல தம்பி. எட்டு மாசமாச்சு. படம் ஓசியில காட்டறாங்கன்னு கூப்பிட்டாங்க. போனவங்கள வெளிக்கதவ சாத்திட்டு லாரில ஏத்திட்டாங்க. சயாம்ல கெர்ஜாவாம். மூணு மாசம்னாங்க." மலாய்ச் சொல்லும் தமிழுமாகப் பேசினார். கெர்ஜா என்றால் வேலை. பெயர் ஹலீமா, தாவூதின் மனைவி.

அட்டையை எழுதியவரும் தாவூதின் மனைவிதானே. என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நாகூர் அக்காவா?" என்றார். "எனக்குத் தெரியும். நிக்காவுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. அவங்களுக்குத்தான் என்னத் தெரியாது. படிங்க தம்பி."

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். 'எல்லோரும் நலம். நீங்கள் கப்பல் ஏறிய பின் மகன் பிறந்தான். இப்போது நடக்கிறான். உங்கள் தாயார் காலமானார். உயிரோடு இருக்கிறீர்களா? ஒரு சொல் போதும். சபூரா.'

"ஆம்பளப் புள்ளயா" என்று மட்டும் சொன்னார். மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தாவூது 1941 நடுவில் நாகூரிலிருந்து திரும்பியவர். குழந்தை பிறக்கும் முன்பே போர் வந்து தபால் நின்றுபோனது. என்ன குழந்தையோ என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்பாராம்.

எனக்கு ஆங்கிலம் படிக்க வரும், பிழையில்லாமல் எழுத வராது. பதில் எழுத ஆங்கிலம் தெரிந்தவர் வேண்டும் என்று ஹலீமா பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டார். அவர் மலாக்காச் செட்டி. அந்தச் சமூகத்தாருக்குப் பெயர் தமிழ், கோயில் தமிழ், பேச்சு மட்டும் மலாய். ஹலீமா அவரைச் சிக்கு என்றே அழைத்தார், மலாயில் ஆசிரியர். போருக்கு முன் ஆங்கிலப் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். அட்டையைக் கண்டதும் பதிலையே மறந்துவிட்டார். ஒவ்வொரு முத்திரையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மேசையில் படிந்திருந்த மாவில் விரலால் கோடு இழுத்தார். நாகூர், அங்கிருந்து ஜெனீவா, அங்கிருந்து தோக்கியோ, பிறகு சிங்கப்பூர், தம்பின், இந்தக் கடை.

"பாதி உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறது" என்று மலாயில் சொன்னார். போரில் சேராத நாடுகள் நடுவில் நின்று இரு பக்கத்தோடும் பேசுமாம். சிறைப்பட்டவர்களின் பட்டியல் கைமாறும், கப்பலில் ஆட்களையே மாற்றிக்கொள்வதும் உண்டாம். அப்படிப் பேசிப் பேசி வாங்கிய அனுமதிதான் இந்த இருபத்தைந்து சொல். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஹலீமா கேட்டார்: "ஒரு அட்டைக்கு இத்தன பேரு பேசி வழி வாங்குறாங்கல்ல. லாரில ஏத்துன ஆளுக்கு ஏன் பேசல, சிக்கு?"

அவர் விரலை எடுத்துவிட்டார். "பிடிபட்ட சிப்பாய்க்கு ஒப்பந்தம் இருக்கிறது. அதையே எவ்வளவு மதிக்கிறார்கள் என்று தெரியவில்லை. கடைக்காரனை லாரியில் ஏற்றக்கூடாது என்று எந்த ஒப்பந்தத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை, ஹலீமா."

அதன் பிறகுதான் உண்மையான சிக்கல். சயாம் என்று எழுதினால் தணிக்கையில் அட்டையே போய்விடும், இவர்கள் வீட்டுக்கும் ராணுவப் போலீஸ் வரலாம். தாவூது பெயரிலேயே 'நலம்' என்று எழுதி அனுப்பிவிடலாம், நாகூரில் ஒரு பெண் நிம்மதியாகத் தூங்குவாள் என்றார் சிக்கு. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. சொல்லவும் செய்தேன்.

"வேணாம் தம்பி" என்றார் ஹலீமா. "அவங்க வேற ஒண்ணும் கேக்கல. இருக்காரா இல்லியான்னு ஒரு சொல்லு கேக்குறாங்க. அதுல போயி பொய்யச் சொன்னா, நாளைக்கி அவங்க எதத்தான் நம்புவாங்க? தெரிஞ்சத எழுதுங்க. என் பேர்லயே எழுதுங்க."

"அப்படியானால் நீ யார் என்று தெரிந்துவிடும்" என்றார் சிக்கு.

"தெரியட்டும்."

சிக்கு எழுதினார். 'தாவூது கடைசியாகப் பார்த்தபோது நலம். வேலைக்காக வடக்கே போனார். பிறகு செய்தி இல்லை. மகன் பிறந்தது அவருக்குத் தெரியாது, நான் சொல்வேன். அவருடைய மகள் இங்கே நலம். ஹலீமா, அவர் மனைவி.' ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தால் இருபத்தேழு. இரண்டு சொல் அதிகம்.

எதை வெட்டுவது? மகளை வெட்டலாமா, வடக்கை வெட்டலாமா என்று நாங்கள் இருவரும் தலையைச் சொறிந்தோம். ஹலீமா ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "கடைசி ரெண்டையும் எடுத்துருங்க. பேரு இருந்தா போதும். பொம்பளதானே, அக்காவுக்குப் புரிஞ்சுரும்" என்றார். சிக்கு 'அவர் மனைவி'யை அடித்தார். சரியாக இருபத்தைந்து.

எனக்கும் இப்படி ஒரு அட்டை வாங்கி அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். வந்த அட்டைக்குப் பதில்தான் எழுதலாம், புதிதாக எழுத இங்கே தாள் தருவதாக அவர் கேள்விப்பட்டதில்லை என்றார் சிக்கு. ஏமாற்றம்தான். ஹலீமா கஞ்சி கொடுத்தார். மூன்றரைக்குக் கிளம்பி, எட்டு இருபதுக்கு, விளக்கு வைக்கும் நேரத்தில் தம்பின் வந்தேன். சாவடியில் வேறு சிப்பாய், முத்திரையைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். மறுநாள் காலை ஸ்டேஷன் மாஸ்டர் தம் கையாலேயே அட்டையைத் தெற்கு மெயில் பையில் போட்டு அரக்கு வைத்தார்.

போர் முடிந்த மறு வருஷம் மீண்டும் போனேன். தாவூது வரவில்லை. சயாமிலிருந்து திரும்பிய ஒருவர், முகாமில் காலராவில் இறந்தார் என்று ஹலீமாவிடம் சொல்லியிருந்தார். மகன் பிறந்த செய்தி அவரை எட்டவே இல்லை. அட்டை மட்டும் நாகூர் போய்ச் சேர்ந்திருந்தது. தபால் திறந்ததும் சபூராவிடமிருந்து வந்த முதல் கடிதம் ஹலீமா பெயருக்குத்தான். அதை அவர் எனக்குக் காட்டினார். முதல் பக்கம் முழுவதும் கோபம். இரண்டாம் பக்கத்தில், குழந்தைக்கு என்ன வயது, யார் ஜாடை என்று கேட்டிருந்தது. என் அம்மாவும் மாயவரத்தில் நன்றாகவே இருந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள்.

போரில் அகப்பட்ட சாதாரண மக்களுக்கென்று தனி ஒப்பந்தம் 1949இல் ஜெனீவாவில் கையெழுத்தானது. பேப்பரில் படித்ததும் ஹலீமா கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ போர்களில் எத்தனையோ லாரிகள். ஆனாலும் எங்கேயாவது இரு தரப்பும் பேச உட்கார்ந்தன என்று செய்தி வந்தால், பேச்சு முறிந்தது என்று மறுநாள் வந்தாலும், நான் முழுவதும் படித்துவிடுவேன். அந்த மேசையிலிருந்து எந்தக் கடைக்கு என்ன அட்டை வருமோ, யாருக்குத் தெரியும்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ரயிலில் வந்தால் தம்பினை ஒட்டிய பூலாவ் செபாங் நிலையத்தில் இறங்குங்கள். மலாக்கா முப்பத்தெட்டு கிலோமீட்டர், பஸ்ஸோ டாக்சியோ கிடைக்கும், முக்கால் மணி நேரம். ஜாலான் பெண்டஹாராவிலிருந்து காஜா பெராங்குக்கு நடந்தே போகலாம், அரை மணி. மதிய வெயிலில் வேண்டாம், காலை பத்துக்குள் போங்கள். செட்டிகளின் குடியிருப்பும் கோயில்களும் அங்கேயே இருக்கின்றன, வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமல் கேட்டுவிட்டுப் போங்கள். தாவூது கடையைத் தேட வேண்டாம், அந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். நினைவுப் பலகை எதுவும் கிடையாது.

அந்தக் கடை இருந்தபோது கடைசியாக ஒருமுறை போயிருந்தேன். நாகூரிலிருந்து சபூராவின் மகன் வந்து இறங்கியிருந்தான். பதினெட்டு வயது. தங்கையோடு கூச்சப்பட்டுப் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று, "சின்னம்மா, வாப்பா எப்படி நடப்பாங்க?" என்று கேட்டான். தகப்பனின் புகைப்படம் பார்த்திருக்கிறான், குரலைப் பற்றிக் கேட்டிருக்கிறான், நடையை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஹலீமா யோசித்தார். பிறகு எழுந்து, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தோளைக் கொஞ்சம் சாய்த்து, கைகளைப் பின்னால் கோத்து, கடையின் உள்ளறையிலிருந்து வாசல்வரை பெரிய பெரிய எட்டு எடுத்து வைத்து நடந்து காட்டினார்.

அவன் எழுந்து, அதே போலக் கைகளைக் கோத்துக்கொண்டு, அவர் பின்னாலேயே நடந்தான்.