நீலமேகம் சேணம் துடைத்த கதை

கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் நீலமேகத்துக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. அதைவிடப் பெரிய பெருமை அவருடைய வெள்ளைக் குதிரை. பெயர் ராக்கெட். அது ஓடி யாரும் பார்த்ததில்லை. கல்யாண ஊர்வலத்துக்கு அந்த நடைதான் தோது என்பார் அவர்; மாப்பிள்ளை பத்திரமாக வந்து சேருவார், போட்டோக்காரருக்கும் மூச்சு வாங்காது.

குதிரையைக் குளிப்பாட்டுவது மனைவி நீலாம்பாள். ஆனால் சேணமும் கடிவாளமும் நீலமேகத்தின் இலாகா. வார்களைக் கழற்றி, வியர்வை உப்பை ஈரத்துணியால் துடைத்து, சோப்பு நுரை தொட்டுத் தேய்த்து, நிழலில் காயவைப்பார். வெயில் பட்டால் தோல் வெடித்துவிடுமாம். காய்ந்தபின் விரல் நுனியில் விளக்கெண்ணெய் தொட்டுத் தடவுவார்.

"என் தலைக்கு ஒரு நாளாவது இப்படி எண்ணெ வச்சு விட்டிருக்கீங்களா?" என்பாள் நீலாம்பாள். அது மட்டும் அவர் காதில் விழாது.

போன கார்த்திகை மழையில் கொட்டகை ஒழுகி, சேணம் முழுக்கப் பூசணம் பூத்துவிட்டது. மறுநாள் ஷஹ்பாஸின் கல்யாண ஊர்வலம். துபாயிலிருந்து அதற்காகவே வந்திருந்த பையன். பூசணத்தைத் துடைத்ததும் தோல் வெளிறி அப்பளம் மாதிரி கிடந்தது. நீலமேகத்துக்கு மனம் பொறுக்கவில்லை. விரல் நுனியை மறந்து பாட்டிலைக் கவிழ்த்தார். தோல் குடித்தது. இன்னும் ஊற்றினார். காலையில் சேணம் கண்ணாடி போல மின்னியது.

"கையில ஒட்டுதுங்க. மேல வெல்வெட் துணியப் போட்டுடுங்க," என்றாள் நீலாம்பாள்.

"இவ்ளோ பாடுபட்டது மூடி வைக்கவா? நீ சும்மா இரு."

பால் வெள்ளை ஷெர்வானியில் ஷஹ்பாஸ் ஏறி உட்கார்ந்தார். பாதித் தெரு தாண்டியதும் குனிந்து கிசுகிசுத்தார்.

"அண்ணே, கீழ நனையுற மாதிரி இருக்கு."

"தோல் குளிர்ச்சி தம்பி. ஏசி மாதிரி."

"ஏசி சொட்டுதுண்ணே!"

பெண் வீட்டு வாசலில் இறங்கியபோது, மாப்பிள்ளையின் பின்பக்கத்தில் பழுப்பாக இலங்கை வரைபடம். முதலில் பார்த்தது நீலமேகம்தான். சட்டென்று தோளில் கிடந்த அகலமான பச்சைத் துண்டை எடுத்து மாப்பிள்ளையின் இடுப்பில் சுற்றிக் கட்டினார்.

"குதிரையில வந்த மாப்பிள்ளைக்குக் குதிரைக்காரன் மரியாதை!" என்று குரல் கொடுத்தார்.

கூட்டம் கைதட்டியது. பெண்ணின் அப்பா அல்லா பிச்சை, "நல்ல வழக்கமா இருக்கே" என்று மெச்சிக்கொண்டார். அடுத்த கல்யாணத்துக்குக் குதிரை பேச வந்தவர்களும், "அந்தத் துண்டு மரியாதையும் உண்டுல்ல?" என்று கேட்டார்கள். பொய் இப்படிக் கிளைவிட்டதும் நீலமேகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"போய் மன்னிப்பு கேட்டுட்டு வாங்க," என்று நீலாம்பாள் துரத்தினாள்.

ஷஹ்பாஸைத் தேடிப் போனார். "புதுத் துணியப் பாழாக்கிட்டேன் தம்பி," என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அட, விடுங்கண்ணே. ஃபஹ்மிதா அதப் பாத்துட்டுச் சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அதுக்கப்புறந்தான் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சே வந்துச்சு. அதுவரைக்கும் ஆளுக்கொரு மூலையில உக்காந்திருந்தோம்."

புதுப்பெண் ஃபஹ்மிதா டீயோடு வந்தாள். "அந்த ஷெர்வானிய வெளுக்கப் போடலங்க மாமா. பத்திரமா வச்சிருக்கேன். இவர் ரொம்ப ஜம்பம் அடிச்சா எடுத்துக் காட்டலாம்ல?"

ஷஹ்பாஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நீலமேகம் சிரிப்பை அடக்கப் பார்த்து, டீ புரையேறி, இருமிக்கொண்டே விடைபெற்றார்.