திருக்கைகளைக் கூப்பிடுகிறவர்

சித்தப்பாவின் வலது கால் முழங்காலோடு முடிந்துவிடும். மீதியைத் திருக்கை மீன் வாங்கிக்கொண்டது.

தீவுகளைச் சுற்றிக் காட்டும் உல்லாசப் படகில் அவருக்கு வேலை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கரண்டியால் சட்டியைத் தட்டுவார். கடலடி மணலே பெயர்ந்து வருவதுபோலத் திருக்கைகள் வரும். அவர் மீன் துண்டு ஊட்ட, பயணிகள் படம் எடுப்பார்கள். ஒருநாள் ஒரு பயணிக்கு இடம்விட்டுப் பின்னால் நகர்ந்தவர், ஓரம் கிழிந்த திருக்கை ஒன்றை மிதித்துவிட்டார். அதற்குக் கிழிசல் என்று பெயர் வைத்ததே அவர்தான். வால்முள் கணுக்காலில் இறங்கியது. அவர் அலறியதையும் அந்தப் பயணி நிறுத்தாமல் படம் எடுத்தார். புண் அழுகி, கால் போனது.

படகு முதலாளி பெரிய மனசு பண்ணிச் சித்திக்குச் சமையலறையில் வேலை கொடுத்தார். சட்டியும் அவள் கைக்கு வந்தது. எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் விலங்கியல். அதனால் மைக் என் கையில். "இது முற்றிலும் இயற்கையான சந்திப்பு" என்று நான் சொல்லும்போது, பின்பக்கம் சித்தி தட்டிக்கொண்டிருப்பாள். வரும் திருக்கைகள் நாளுக்கு நாள் குறைந்தன.

வீடு திரும்பியதும் சித்தப்பா சித்தியிடம் கேட்கும் முதல் கேள்வி, "கிழிசல் வந்துச்சா?"

"வந்துச்சு. உங்களத்தான் விசாரிச்சுச்சு. இன்னொரு காலு எப்பத் தருவாருன்னு."

"அதும்மேல என்னடி தப்பு? மிதிச்சது நான்தான?" என்று சிரிப்பார். பிறகு மெதுவாக, "ஒரே ஒரு தடவ பாத்துட்டா போதும்டி" என்பார்.

சித்தி முதலாளியிடம் போய் நின்றாள்.

"ஏம்மா, தண்ணில இறங்கப்போறவங்க இந்தக் காலப் பாத்தா இறங்குவாங்களா?"

"யார் கண்ணுலயும் படமாட்டாரு சார். சமையலறைக்குள்ளயே உக்காந்துக்குவாரு."

மறுநாள் அவரைப் பின்பக்கச் சமையலறை ஜன்னலோரம் உட்காரவைத்தோம். சலவைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோல இருந்தார். அன்று பார்த்து முதலாளி, "முன்பக்கமா வந்து தட்டும்மா, பயணிங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க" என்றார். சித்தி போனாள். ஜன்னலுக்கு வெளியே வெறும் தண்ணீர்தான்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கரண்டியை எடுத்துப் படகின் இரும்புச் சுவரிலேயே தட்டினார். முன்பக்கம் வந்திருந்த ஒன்றிரண்டும் திரும்பின. எங்கெங்கோ கிடந்தவையும் எழுந்து வந்தன. எல்லாம் அவர் ஜன்னலுக்கு. அவர் அழுதுகொண்டே தட்டினார். முன்பக்கத்தில் பயணிகள் ஏமாற்றுவேலை என்று கூச்சல் போட்டார்கள்.

சித்தியின் வேலை போய்விடும் என்று பயந்தோம். முதலாளி கோபப்படவில்லை, யோசித்தார்.

"நாளையிலேர்ந்து நீங்களே தட்டுங்க. சம்பளம் உண்டு. ஆனா மேல வேணாம், கீழ."

கீழே என்றால் படகின் முன்பக்க அடியறை. கயிறும் பெயின்ட் டப்பாவும் போடும் இடம். ஜன்னல் கிடையாது. காலையில் நானும் சித்தியும் அவரைத் தூக்கி இறக்குவோம். மேலே மூடி விழும். அவர் இரும்பில் தட்டுவார். திருக்கைகள் கூட்டமாக வரும், பயணிகள் கைதட்டுவார்கள். நான் மைக்கில் அதையேதான் சொல்கிறேன்.

கிழிசல் தினமும் வருகிறது. அவர் தட்டுகிற இடத்தில், இரும்புக்கு இந்தப் பக்கம், வெள்ளை வயிற்றை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் நாள் சித்தி அதை அவரிடம் சொன்னாள். அன்று அவர் சோற்றில் கை வைக்கவில்லை. அதன்பிறகு அவள் சொல்வதில்லை. கேலியும் விட்டுப்போயிற்று.

"கிழிசல் வந்துச்சா?"

"வரலங்க."

"எனக்கு வயசாயிடுச்சு, சத்தம் பத்தல போல" என்று உள்ளங்கைக் கொப்புளத்தை ஊதிக்கொள்கிறார். "நாளைக்கு இன்னும் ஓங்கித் தட்டுறேன்."