இன்ஜினுக்குள் விளைந்த உப்பு

சுனாமிக்கு மறுவருஷம் இதை எழுதுகிறேன். எங்கள் உப்பளத்தில் இப்போது கரண்டு மோட்டார். ஆனால் எங்கள் ஊரில் முதன்முதலில் டீசல் இன்ஜின் வாங்கியவர் என் அப்பா. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

மழைக்காலத்தில் அது நெல்வயலில் நிற்கும். தை பிறந்ததும் மாட்டுவண்டியில் ஏறி உப்பளத்துக்கு வந்துவிடும். கேணியிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடும். ஓட்டுவது சித்தப்பா. இன்ஜினின் தலையில் ஒரு தொட்டி உண்டு. அதில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வது எட்டு வயதான என் வேலை. இன்ஜினுக்குத் தாகம் எடுக்கிறது என்றே நினைத்திருந்தேன். மாட்டுக்குக் காட்டுவதுபோல அதற்கும் தண்ணீர் காட்டினேன். உள்ளே நெருப்பு எரிகிறது, அந்தத் தண்ணீர்தான் சுற்றி நின்று இரும்பைக் காக்கிறது என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

வயலில் அது இறைக்கிற தண்ணீரையே மொண்டு ஊற்றுவேன். உப்பளத்தில் மட்டும் ஊர் நல்லதண்ணீர்க் கேணியிலிருந்து குடம் சுமக்க வேண்டும். இரண்டு நாள் சுமந்தேன், கால் கொப்பளித்தது. மூன்றாம் நாள் யோசித்தேன். வயலில் தான் இறைத்ததைத் தானே குடித்த இன்ஜின், இங்கே மட்டும் மாட்டேன் என்றா சொல்லப்போகிறது? இன்ஜின் இறைத்துக் கொட்டும் குழாயடியிலேயே குடத்தை வைத்தேன். சித்தப்பா தூரத்தில் வரப்பு மிதித்துக்கொண்டிருந்தார். இன்ஜினும் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் அப்படியே ஓடிற்று.

பிறகு ஒரு உச்சிவெயிலில் முனகியது, கருகல் நாற்றம் வந்தது, நின்றுவிட்டது. சித்தப்பா இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. அப்பா ஓடி வந்தார்.

“ஆயில் ஊத்தினியாடா, இல்லியா?”

“ஊத்தினேண்ணா. நீயே தொட்டுப் பாரு.”

“ஊத்தினா இன்னாத்துக்கு நிக்குது? ஆயில வித்துக் குடிச்சுட்டியா?”

சித்தப்பா அதுவரை அப்பாவை எதிர்த்துப் பேசியதே இல்லை. “திருடன்னு சொன்னப்புறம் இந்த வூட்ல எனக்கு இன்னா வேல? பாகத்தப் பிரிச்சுக் குடு, போறேன்” என்றார். அம்மா அழுதாள். மூன்று நாள் அண்ணனும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள். பாகம் பிரித்தால் இன்ஜினை எப்படி இரண்டாக அறுப்பார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

திண்டிவனத்திலிருந்து மெக்கானிக் வந்தார். ஒவ்வொரு நட்டாகக் கழற்றினார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். தண்ணீர் நிற்கிற இடத்தில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். வெள்ளையாக, கட்டி கட்டியாக, உப்பு கொட்டியது. எங்கள் பாத்தியில்கூட அவ்வளவு வெளுப்பாக விளைந்ததில்லை. கொட்டக் கொட்ட நிற்கவில்லை.

“இன்னாங்க இது, இன்ஜின்லயே உப்பு வெளைய வச்சிருக்கீங்க? யாருங்க இதுல உப்புத் தண்ணி ஊத்தினது?”

அப்பா மெல்லத் திரும்பினார். என் பக்கம்தான். அவர் கையில் அந்த இரும்புக் கைப்பிடி இருந்தது. நின்ற இடத்திலேயே எனக்குப் பாவாடை நனைந்தது.

“நாந்தாண்ணா ஊத்தினேன்” என்றார் சித்தப்பா. “கொழந்த கொண்டாந்த தண்ணி பத்தல. சோம்பேறித்தனமா ஊத்திட்டேன்.”

அப்பா கைப்பிடியைக் கீழே போட்டுவிட்டு அவரை ஓங்கி அறைந்தார். சித்தப்பா கன்னத்தைத் தடவக்கூட இல்லை. பாகம் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. அந்தக் கோடை முழுக்க, இன்ஜின் இல்லாமல் சொந்த உப்பளம் காய்ந்து கிடக்க, ரிப்பேர்ச் செலவுக்காக அடுத்தவன் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரினார்.

நான்தான் அவருக்குக் கூழ் கொண்டுபோவேன். ஒருநாள் கேட்டே விட்டேன். “இன்னா சித்தப்பா, இவ்ளோ பெரியவனா இருந்துக்கினு இதுகூடத் தெரியாதா ஒனக்கு? நான் ஏதோ கொஞ்சம் கொடம்தான் ஊத்தினேன். நீ எத்தினி கொடம் ஊத்தினே?”

சித்தப்பா உப்பு அரித்த கையால் கூழைக் குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

“ஒன்னவிட ஒரு கொடம் ஜாஸ்திம்மா.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. தப்பில் பெரும்பங்கு அவருடையதுதான் என்று, வெறும் சட்டியை ஆட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.