பின்கண்ணாடியில் என் டிராவல்ஸ் பெயர்

ஒரகடத்தில் சரியான ரோடு இல்லாத நாளிலேயே கம்பெனி ஷிப்டுக்கு வேனில் ஆள் ஏற்றியவன் நான். நாலு வேன், மாடி வீடு, சுங்குவார்சத்திரத்தில் கம்பெனிப் பையன்களுக்கு வாடகை அறைகள். எல்லாம் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கட்டியது. கைக்காசில் வந்த எதன்மேலும் என் டிராவல்ஸ் பெயரை ஒட்டிவிடுவேன். இரண்டாயிரமாவது வருஷத்துக்கு அப்புறம் குடும்பத்துக்கென்று முதல் புதுக் கார் வாங்கினேன். அதன் பின்கண்ணாடியிலும் போன் நம்பரோடு ஒட்டினேன்.

வாங்கிய மாதமே அந்தக் கார் என்னைப் பிடித்துக்கொண்டது. படப்பையில் கல்யாணம். வீட்டுக்காரி இறங்கிப் போனதும் வண்டியை ஓரம்கட்டினேன். நாலு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன. உள்ளிருந்து திறக்கவில்லை. சாவியைத் திருப்பினாலும் கண்ணாடி இறங்கவில்லை. சித்திரை வெயில். மச்சான் மகன் கண்ணாடியைத் தட்டிச் சிரித்தான்.

"இன்னா மாமா, உள்ளயே குந்திகினு கீறீங்க? மொய் வைக்காம எஸ்கேப்பா?"

நான் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. மயக்கம் வந்து சாய்ந்த பிறகுதான் கதவுக் கண்ணாடியை உடைத்தார்கள்.

ஷோரூமில் கம்ப்யூட்டர் ஒயரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்ல சார்" என்றார்கள். திரும்பவும் பூட்டியது. திரும்பவும் அதே பதில். அதற்கப்புறம் மடியில் சுத்தியலோடுதான் என் சொந்தக் காரில் ஏறினேன். விற்கவும் முடியவில்லை. வாங்குகிறவன் குழந்தையை ஏற்றுவானே.

நுகர்வோர் மன்றத்துக்குப் போனேன். தயாரிப்பிலேயே குறை என்றால் வேறு கார் கொடுக்கச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வக்கீல் வைக்காமல் நானே பேசினேன். ஆனால் லாபத்துக்கு ஓட்டும் வண்டி என்றால் அந்தச் சட்டம் நமக்கு இல்லை. எதிர்த் தரப்பு வக்கீல் பின்கண்ணாடி போட்டோவை நீட்டினார்.

"சொந்த வண்டிக்கான வெள்ளை நம்பர் போர்டை மாட்டிக்கொண்டு வாடகைக்கு ஓடும் வண்டி இது. இவர் நுகர்வோரே இல்லை."

மன்றத் தலைவர் கேட்டார், "உங்களுக்கு எத்தனை வண்டி?"

குறைத்துச் சொல்ல என் நாக்கு புரளாது. "நாலு வேன் ஐயா. அத்தனையும் என் உழைப்பு."

வக்கீல் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். எனக்கு மறுபடியும் நாலு கதவும் பூட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. என்ன சொன்னாலும் வெளியே கேட்காது.

பின்பெஞ்சிலிருந்து வீட்டுக்காரி எழுந்தாள்.

"ஐயா, இந்தாளு எங்க வூட்டு ஃப்ரிட்ஜ் மேலயும் அதே பேரைத்தான் ஒட்டி வெச்சிகினு கீறாரு. பேத்தி தொட்டிலையும் விடல. அதுலல்லாம் இன்னா, சவாரியா போவுது?"

வக்கீலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார் தலைவர். ஃப்ரிட்ஜ் போட்டோவையும் சேர்த்துக் கொடுத்தோம். காரைச் சோதிக்க மன்றம் ஒரு இன்ஜினீயரை அனுப்பியது. அவரையும் கார் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டது. என் சுத்தியல்தான் அவரை வெளியே எடுத்தது. வேறு புதுக் கார் தரச் சொல்லி உத்தரவு வந்தது.

இன்றைக்கும் தெருவில் அந்தப் புதுக் காரை "அக்கா ஜெயிச்ச கார்" என்கிறார்கள். சொல்லட்டும், அவள் பேசியது உண்மைதான். ஆனால் உள்ளே வெந்தவன் நான். மனு போட்டவன் நான். ஃப்ரிட்ஜில் நான் பெயர் ஒட்டாமல் இருந்திருந்தால் அவள் எதைக் காட்டிப் பேசியிருப்பாள்? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.