மில் மூடிய வருடம்

என் மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு டீச்சர். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரையில் பெரிய சார்ட் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"யம்மா, ஒம்பதாம் வகுப்புக்கு நம்ம ஊரு மில்லுகளோட பத்து வருசத்தை மட்டும் எடுத்து நடத்தப் போறேன். ஆறு பீரியட். நூறு வருசத்துல ஓடுறதுக்குப் பதிலா, பத்து வருசத்துல செத்த நேரம் நிக்கட்டும் பிள்ளைக. நீ வேலை பாத்த மில்லை எந்த வருசம் மூடுனாக?"

"அஞ்சாப்பு படிச்சவகிட்ட வருசக் கணக்குக் கேக்கியாட்டி?"

"சரி, அப்ப நான் பிறந்துட்டேனா? அதையாவது சொல்லு."

நாங்கள் வருடத்தை அப்படித்தான் எண்ணுவோம். அப்போது யார் தொட்டிலில் கிடந்தது, யார் வயிற்றில் இருந்தது என்று. மில் கேட்டில் பூட்டுத் தொங்கிய அன்று என் தோளில் கிடந்தவன் என் மூத்தவன். நாலு மாதப் பிள்ளை. கூலி இல்லாத அந்த ஐப்பசியில் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் போய்விட்டான். அடுத்த வருடம் இவள் வயிற்றில் தங்கினாள். "போனதைப் பேசினா இருக்கதுக்கு ஆகாது" என்று என் மாமியார் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பேசவில்லை. இவள் தன்னையே மூத்தவள் என்று நினைத்து வளர்ந்தாள். இவள் வயிற்றிலும் இல்லை என்றால், அப்போது யார் இருந்தது என்று கேட்பாள்.

"நீ வயித்துல இருந்த" என்றேன்.

தான் பிறந்த வருடத்தை வைத்துக் கணக்குப் போட்டு, சந்தோஷமாகச் சார்ட்டில் எழுதிக்கொண்டாள். என் பெயரைப் போட வேண்டாம் என்று மட்டும் கெஞ்சினேன். 'வைண்டிங்கில் நூல் சுற்றிய ஓர் அம்மா' என்று போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அதே சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். கூட வேலை பார்க்கும் டீச்சரின் அப்பாவும் எங்கள் மில்லில் இருந்தவராம். மூடும்போது கொடுத்த நோட்டீஸை இன்னும் வைத்திருக்கிறாராம்.

"நல்லா மாட்டிவிட்ட போ! நீ சொன்னதுக்கு முந்தின வருசமே மூடிட்டாக. நான் வயித்துலயே இல்ல."

நான் அடுத்த வெண்டைக்காயை எடுத்து அரிந்தேன்.

"அதுவும் நல்லதுக்குத்தான். அதையே முதல் பாடமா வச்சிட்டேன். ஞாபகம் ஒண்ணு சொல்லுது, காகிதம் ஒண்ணு சொல்லுது, எதை நம்புவீகன்னு கேட்டேன். அம்புட்டுப் பிள்ளைகளும் காகிதம்னு கத்துச்சுக. ஒருத்தி மட்டும் எந்திரிச்சு, அந்தம்மாவுக்கு எதனால வருசம் மாறிப்போச்சுன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"வயசாயிருச்சு, மறந்துட்டாகன்னு சொன்னேன்." என் முகத்தைப் பார்த்தாள். "மறந்துதானம்மா போச்சு?"

வாய் வரைக்கும் வந்தது. இத்தனை வருடம் மூத்தவளாக இருந்தவளிடம் எங்கிருந்து தொடங்குவது?

"ஆமாட்டி. மறந்துட்டேன்."

அவள் சார்ட்டை விரித்து, நான் சொன்ன வருடத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் சரியான வருடத்தைச் சிவப்பில் எழுதினாள். என் மூத்தவன் பிறந்ததும் போனதும் அந்த வருடந்தான். எங்கள் வீட்டில் அதை ஒருவர் எழுதி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.